கொம்பு தாவிய வகுப்பு

யாரைக் கேட்டு அந்தப் பெட்டியைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தீர்கள் என்று என்னிடம் கேட்டார்கள். யாரையும் கேட்கவில்லை என்று சொன்னேன். அன்றைக்குச் சொன்ன பதில்தான் இன்றைக்கும். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்கள். வேண்டாம் என்றால் நான் மீறியிருப்பேன். கேட்காமல் கொண்டுவந்ததில் சண்டை கொஞ்சம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. மலேசியாவில், ஈப்போவிலிருந்து தெற்கே போகும் சாலையில் கொஞ்ச தூரம் போய், செம்மண் பாதையில் திரும்பினால் ஒரு தோட்டம். ரப்பர் பால்மரங்களை வெட்டித் தள்ளிவிட்டு, எண்ணெய்க்குச் செம்பனை நட்டு முடித்திருந்தார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பாதி காலி. மீதிப் பாதியின் பிள்ளைகள்தான் எங்கள் தமிழ்ப்பள்ளி. நான் ஈப்போவில் அண்ணன் வீட்டில் தங்கி, தினமும் கப்சாயில் வந்து போவேன். சேலை கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டும் டீச்சரைத் தோட்டத்தில் முதல் மாதம் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது மாதம் வழியில் நிறுத்தி, டவுனிலிருந்து மருந்து வாங்கி வரச் சொன்னார்கள்.

புதுப் பாடத்திட்டம் வந்திருந்த நேரம். வாசிக்க, எழுத, கணக்குப் போடப் பின்தங்குகிற பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடத்த வேண்டும் என்று உத்தரவு. அந்த வகுப்புக்குத்தான் நான் ஆசிரியை. குறைநீக்கல் வகுப்பு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்த புண்ணியவான் எந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. பிள்ளைகள் வாயில் அந்தப் பெயர் நிற்கவில்லை, சுருங்கிவிட்டது. 'நீ எந்த கிளாஸ்?' என்று கேட்டால் 'குறை கிளாஸ்' என்று சொன்னார்கள். குனிந்துகொண்டு சொன்னார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பழைய சாமான் அறைதான் எங்கள் வகுப்பு. கதவுக்கு மேல் ஒரு பலகையில் அந்தப் பெயரைச் சிவப்புச் சாயத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள். வந்த முதல் வாரமே பலகையைத் திருப்பி, வெறும் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மாட்டினேன். தலைமையாசிரியர் மறுபடி திருப்பினார். நானும் திருப்பினேன். இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பலகை மட்டும் திரும்பிக்கொண்டே இருந்தது.

தலைமையாசிரியரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம்; வீட்டில் ஒருவர் டாக்டர், இன்னொருவர் ரயில்வேயில் அதிகாரி. அவர் நினைத்திருந்தால் டவுனில் வேறு பள்ளிக்குப் போயிருக்கலாம். இங்கேயே கிடந்தார். வெள்ளைச் சட்டை, மணி அடிப்பதற்கு முன்னால் வருகை, ஒரு பொய் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் சில பிள்ளைகளுக்குப் படிப்பு வராது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம்கூட இருக்காது. அந்த நிதானம்தான் எனக்கு ஆகவே ஆகாது.

'பொறுமை வேணும் டீச்சர், பொறுமை. சில பிள்ளையளுக்கு வராது. அதை நாங்கள் ஏற்றுக்கொள்ள வேணும்' என்பார்.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். பீடோர் பக்கத்தில் எழுபதுகளின் தொடக்கத்தில் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தவள். எங்கள் வகுப்பின் கடைசி வரிசைக்கு மரமண்டை வரிசை என்று பெயர். அந்த வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றாள், இன்னொருத்தி அம்மாவோடு ரப்பர் பால் வடியும் மங்கு துடைக்கப் போனாள். வாத்தியார் வருகைப் பட்டியலில் கோடு போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். யாரும் அழவில்லை, யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கோடு மறக்கவே இல்லை.

இப்போது என் வகுப்பில் அப்படி ஒருத்தி. மூன்றாம் ஆண்டு. கறுத்த, மெலிந்த பெண், இரட்டைப் பின்னல், ஒரு பின்னலில் ரிப்பன் இருந்தால் மற்றதில் ரப்பர் வளையம். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவளைக் கொம்புக்காரி என்றே சொல்கிறேன், காரணம் கொஞ்ச நேரத்தில் புரியும். வாயைத் திறந்தால் லயத்துக் கதை அத்தனையும் கொட்டுவாள். கணக்கு மனத்திலேயே போடுவாள். ஆனால் சொல்வதெழுதுதல் வைத்தால் முட்டைதான். வாசிக்கச் சொன்னால் பால், கால், பாட்டம் என்று ஓடிக்கொண்டே வருவாள். கொம்பு போட்ட எழுத்து வந்ததும் நின்றுவிடுவாள். தேன் என்ற சொல்லைக் காட்டினால் வாய் திறக்காது. எழுதினாலும் அப்படித்தான். முதலில் த போடுவாள், அதற்குப் பின்னால் கொம்பைக் கொண்டுபோய் ஒட்டுவாள். எத்தனை தடவை திருத்தினாலும் கொம்பு பின்னாலேயே போய் நிற்கும். கையில் அடி வாங்கியும் மாறவில்லை.

அவள் அம்மா செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். ஒரு நாள் வேலை முடித்துக் ரப்பர் பூட்ஸோடு நேராக வகுப்புக்கு வந்தார்.

'டீச்சர், பெரிய வாத்தியார் சொல்லிட்டாரு. இவளுக்கு மண்டையில ஏறாதாம். டவுன்ல எங்கயோ ஸ்பெசல் ஸ்கூல் இருக்காம், அங்க சேக்கச் சொல்றாரு. யாரு டீச்சர் தெனம் டவுனுக்குக் கொண்டுபோறது? ஆயாக்கொட்டாயில சொல்லி வச்சிருக்கேன். ஸ்கூல் லீவு விட்டதும் அங்க போயிரட்டும். கைப்புள்ளைங்களப் பாத்துக்கிட்டு, கூடமாட இருப்பா.'

'அக்கா, அவளுக்கு ஒம்போது வயசு.'

'எனக்கு ஏழு வயசுல அனுப்பிட்டாங்க லா' என்றார். குறை சொல்வது போலக்கூட அவர் சொல்லவில்லை. நடப்பதைச் சொன்னார்.

ஆண்டு முடிய ஒரு தவணைதான் பாக்கி. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கப்சாயில் தனியாகப் பேசிக்கொண்டே போனேன்.

அந்தச் சனிக்கிழமை ஈப்போவில் ஒரு மின்சாதனக் கடைக்கு இஸ்திரிப் பெட்டி வாங்கப் போனேன். கடையின் மாடியில் சின்னச் சின்னப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, தட்டச்சு மாதிரி ஒரு பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு டீவி. ஆங்கில எழுத்துகள் மேலிருந்து விழ, அவை கீழே விழுவதற்குள் தட்டிப் பிடிக்க வேண்டும். கொம்புக்காரி வயதுதான் இருக்கும் எல்லோருக்கும். தப்பாகத் தட்டினால் பெட்டி 'பீப்' என்று கத்தும், அவர்கள் சிரிப்பார்கள், மறுபடி தட்டுவார்கள். யாரும் குனியவில்லை. நான் படிக்கட்டிலேயே நின்று பார்த்தேன். பொறாமைதான், வேறென்ன. இங்கே பிள்ளை தப்புப் பண்ணினால் சிரித்துக்கொண்டு மறுபடி தட்டுகிறது, என் பிள்ளை தப்புப் பண்ணினால் ஆயாக்கொட்டாய்க்குப் போகிறது.

இஸ்திரிப் பெட்டி வாங்கவில்லை. யாரோ திருப்பிக் கொடுத்திருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினேன். தோட்டத்துப் பள்ளிக்கு என்றதும் கடைக்காரர் மலாயில், 'சிக்கு, அங்கே கரண்டு இருக்கா?' என்று கேட்டார். டீச்சரை மலாயில் சிக்கு என்பார்கள். சிரிப்புக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். இருக்கிறது என்றேன். ஒரே ஒரு பிளக் இருந்தது, அதுவும் தலைமையாசிரியர் அறையில்.

பெட்டி என்றால் இன்றைக்கு நினைக்கிற மாதிரி இல்லை. பலகைக்குள்ளேயே எல்லாம் அடக்கம். டீவியில் மாட்ட வேண்டும். பாடத்தை ஒலிநாடாவில் பதிந்து வைத்து, கேசட் பெட்டியில் ஓடவிட்டு ஏற்ற வேண்டும். ஏறும்போது அது போடுகிற கூச்சலுக்குப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு, 'பன்னி கத்துது, பன்னி கத்துது' என்று குதிப்பார்கள். பிளக்கைப் பிடுங்கினால் ஏற்றியது அத்தனையும் போய்விடும், மறுபடி பன்னி கத்த வேண்டும். பிள்ளைகள் அதற்கு டைப்பு டீவி என்று பெயர் வைத்தார்கள்.

பெட்டிக்குத் தமிழ் தெரியாது. கூட வந்த கையேட்டில், அதற்கு எழுத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு வழி இருந்தது. கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக எழுத்தை வரைந்து, அதை எண்களாக மாற்றிக் கொடுத்தால் திரையில் காட்டும். ஆனால் கொஞ்சம் எழுத்துக்குத்தான் இடம் கொடுத்தது. நம் நெடுங்கணக்கு முழுவதையும் கேட்டால் அது எங்கே போகும்? எழுத்தை உடைத்தேன். த, ட, ம, ப, ல, க, ன. இவற்றோடு ஒரு கொம்பு, ஒரு இரட்டைக் கொம்பு, ஒரு கால், புள்ளி. இவ்வளவை வைத்துக்கொண்டு பால், தேன், மேகம், தோட்டம் எல்லாம் வந்துவிட்டது. தமிழுக்கு இதிலெல்லாம் இடமில்லை என்று பிறகு எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டேன். எங்கள் சாமான் அறையில் இருந்தது.

பலகையின் பித்தான்களில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை வெட்டி ஒட்டி, அதன்மேல் எழுத்துகளை எழுதினேன். அண்ணன் வீட்டு டீவியைக் கப்சாயின் பின்சீட்டில் டயர் டியூபால் கட்டிக் கொண்டுவந்தேன். தலைமையாசிரியர் அறைப் பிளக்கிலிருந்து ஜன்னல் வழியாக நீளக் கம்பி இழுத்தேன். அவர் அறைக்குள் நுழைந்து பிளக்கை மாட்டிவிட்டு வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

'டீச்சர், உது பள்ளிக்கூடம். விளையாட்டுச் சாமான் கடை இல்லை.'

'விளையாட்டுதான் சார்' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாரம் அவர் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டிய நேரமெல்லாம் எங்கள் பாட நேரமாகவே அமைந்தது. இருப்பது ஒரே பிளக். கெட்டிலை மாட்டினால் எங்கள் கம்பி தரையில் கிடக்கும். டீவி இருண்டுவிடும், பிள்ளைகள் 'ஐயோ' என்பார்கள். நான் போய் மறுபடி மாட்டுவேன். அவர் மறுபடி பிடுங்குவார். பெயர்ப்பலகைச் சண்டை பிளக் சண்டையாகிவிட்டது.

இதற்கு நடுவில்தான் பிள்ளைகள் மாறினார்கள். வகுப்பு என்றால் வயிற்றுவலி வருகிற பையன் மணி அடிக்கு முன்னால் கதவருகே நின்றான். பெட்டி 'தப்பு' என்று காட்டினால், 'போடா மிசினு' என்று அதனோடு சண்டை போட்டுவிட்டு மறுபடி தட்டினார்கள். பெட்டி பெருமூச்சு விடுவதில்லை. போன வாரம் என்ன தப்புப் பண்ணினாய் என்று ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அப்பன் யார் ஆத்தாள் யார் என்று கேட்பதில்லை. இந்த மூன்று குணமும் உள்ள வாத்தியாரை நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

கொம்புக்காரிக்கு மட்டும் பெட்டியிலும் பழைய கதைதான். தோட்டம் என்று தட்டச் சொன்னால் த-வைத் தட்டுவாள், பிறகு கொம்பு. பீப். தப்பு. மறுபடி த, கொம்பு. பீப். மற்றவர்கள் 'கொம்பு மொதல்ல டி' என்று கத்தினார்கள். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

'டீச்சர், மிசின்தான் தப்பு.'

'எப்படிச் சொல்றே?'

'நீங்க தோட்டம்னு சொல்லுங்க. மொதல்ல என்னா கேக்குது? த-தானே கேக்குது? கொம்பு அப்புறந்தானே வருது? கேக்காதத எதுக்கு மொதல்ல தட்டணும்?'

மூன்று வருடமாக மண்டையில் ஏறாது என்று சொல்லப்பட்ட பிள்ளை, காதில் கேட்ட வரிசையில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. பின்னால் ஒலிக்கிறதை முன்னால் எழுதுகிறோம் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே யாருக்கும் தோன்றவில்லை. நமக்கெல்லாம் பழகிப்போனதால் அது விசித்திரமாகத் தெரிவதில்லை. அவளுக்குத் தெரிந்தது. அதற்குத்தான் அடி வாங்கியிருக்கிறாள்.

'ஆமாடி, மிசின்தான் தப்பு' என்றேன். வகுப்பே வாயைப் பிளந்தது.

பெட்டிக்கு நான் எழுதிக் கொடுத்திருந்த பாடத்தை மாற்றி எழுதினேன். ஒரு வாரம் பிடித்தது. இப்போது த-வைத் தட்டினால் த வரும். பிறகு கொம்பைத் தட்டினால், பெட்டி த-வை ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்த்திவிட்டுக் கொம்பை அதற்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும். அவளை உட்காரவைத்து, ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.

த தட்டினாள். கொம்பு தட்டினாள். கொம்பு முன்னால் போய் நின்றது.

கையை எடுத்துவிட்டுத் திரையையே பார்த்தாள். அழித்தாள். மறுபடி தட்டினாள். மறுபடி முன்னால் போனது.

'தாவுது டீச்சர்! கொம்பு தாவுது!'

ம-வைத் தட்டித் தாவவிட்டாள். ப-வை, க-வை, எல்லாவற்றையும் தாவவிட்டாள். அன்று முழுக்க வேறு யாருக்கும் இடம் கொடுக்கவில்லை. பிறகு புத்தகத்தை எடுத்து, கொம்பு போட்ட எழுத்து வந்த இடத்தில் விரலை வைத்து, 'இது இங்கேர்ந்து தாவி வந்துருக்கு' என்று கொம்பைக் கையால் மூடிக்கொண்டு எழுத்தை முதலில் படித்தாள், பிறகு கையை எடுத்தாள். தே... தேன். அடுத்த வரி. மே... மேகம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க ஒரு காரணமும் இல்லை, ஆனாலும் மறைத்தேன்.

பள்ளி விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. வருகைப் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதா வைப்பதா என்று முடிவு சொல்லக் கொம்புக்காரியின் அம்மாவைத் தலைமையாசிரியர் வரச் சொல்லியிருந்தார். பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு அவர் கதவோரம் நின்றார். தலைமையாசிரியர் எங்கள் அறைக்குள் வந்தார். அதுவே முதல் தடவை. கொம்புக்காரி பெட்டி முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெளியே போனார். திரை இருண்டது. திரும்பி வந்தார்.

'பெட்டி எழுதும், டீச்சர். பிள்ளை எழுதுமோ எண்டதுதான் கேள்வி. கரும்பலகையிலை எழுதட்டும்.'

'எழுதட்டும் சார்' என்றேன். கரும்பலகையில் அவளை நான் எழுதவைத்துப் பார்த்ததே இல்லை.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: 'பொறுமை. பொறுமை எண்டு எழுது பிள்ளை.'

அவருக்குப் பிடித்த சொல். எனக்கு ஓதி ஓதி அலுத்துப்போன அதே சொல். எங்கள் பெட்டியில் அந்தச் சொல் இல்லை. அதற்கு வேண்டிய றுவையும் நான் வரைந்திருக்கவில்லை, மையின் கொம்பையும் வரைந்திருக்கவில்லை. முடிந்தது என்றே நினைத்தேன்.

கொம்புக்காரி சுண்ணக்கட்டியை எடுத்தாள். உதடு அசைந்தது. பலகையின் இடது ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு ப எழுதினாள். நிறுத்தினாள். கையைத் தூக்கி இடப்பக்கம் கொண்டுபோய், விட்டிருந்த இடத்தில் கொம்பை வைத்தாள். மறுபடி கையைத் தூக்கி வலப்பக்கம் வந்து கால் போட்டாள். று எழுதினாள். மறுபடி இடம் விட்டாள், ஆனால் போதவில்லை. ம எழுதினாள். திரும்பிப் போய், இருந்த இடுக்கில் அந்தச் சுருட்டைக் கொம்பை நெருக்கி நுழைத்தாள்.

'பாத்தியளோ?' என்றார் தலைமையாசிரியர். 'எழுதின ஒழுங்கு முழுக்கப் பிழை. கொம்பைத்தான் முதல் போட வேணும். அடிப்படையே தெரியேல்லை.'

'தாவித்தான் சார் வரும்' என்றாள் கொம்புக்காரி.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். 'பிள்ளைக்கும் உங்களைப் போல தலையிலை கொம்பு முளைச்சிட்டுதோ?'

'முளைக்கட்டும் சார். எழுதி முடித்த சொல் சரியா, பிழையா? அதை மட்டும் சொல்லுங்கள். அவள் அம்மா நிற்கிறார், அவருக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள். பிழை என்றால் நானும் அவளோடு சேர்ந்து வெளியே போகிறேன்.'

பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று முன்பே சொன்னேன். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். அவர் தேடியது அங்கே இல்லை.

'சொல் சரிதான்' என்றார்.

கதவோரம் நின்ற அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். 'அப்ப ஆயாக்கொட்டாய்க்கு வேற ஆளப் பாக்கச் சொல்லிடுறேன் டீச்சர்' என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் தலைமையாசிரியருக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார்.

தலைமையாசிரியர் வாசலில் நின்று திரும்பினார். 'சரி. பிள்ளைக்கு எழுத வந்திட்டுது. இனி உந்தப் பெட்டி தேவையில்லைத்தானே. வீட்டை கொண்டு போங்கோ.'

'மற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள் சார். பெட்டி இங்கேதான் இருக்கும்.'

'பிளக் என்ர அறையிலை இருக்கு, டீச்சர்' என்று சொல்லிவிட்டு நடந்தார். சத்தம் போடவில்லை. அதே நிதானம். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாகக் கெட்டில் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

நான் கிளம்பினேன். வழக்கம்போல நானே போய் மாட்டிவிட்டு வருவது என்று. ஆனால் எனக்கு முன்னால் கொம்புக்காரி வெளியே போயிருந்தாள். சுண்ணக்கட்டித் தூள் ஒட்டிய கையோடு தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தாள். அந்த அறைக்குள் எந்தப் பிள்ளையும் கூப்பிடாமல் போனதில்லை. நான் ஜன்னலில் நின்றபடி பார்த்தேன். அவர் கெட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் குனிந்து, தரையில் கிடந்த எங்கள் கம்பியை எடுத்துச் சுவரில் மாட்டினாள்.

'தேத்தண்ணி அப்புறம் போட்டுக்கலாம் சார்' என்றாள். 'பொறுமையா.'